இலவசப் புள்ளியியல் மென்பொருளின் விடையை எதை வைத்து நம்புவது?

பல ஆண்டுகளாகக் கட்டண மென்பொருளில் செய்துவந்த பகுப்பாய்வுகளை புள்ளியியலுக்கான இலவச நிரல்மொழியான ஆருக்கு மாற்றலாம் என்று நீங்கள் முன்மொழிந்திருக்கிறீர்கள். "யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கக்கூடிய, தவறினால் யாரும் பொறுப்பேற்காத ஒன்றின் விடையை நம்பி எப்படி முடிவெடுப்பது?" என்று உங்கள் மேலாளர் கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்பது உங்கள் கேள்வி. அவர் கேட்பதில் தவறில்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளிடம் மட்டும் அதைக் கேட்டுவிட்டு, விலை கொடுத்து வாங்கியதிடம் கேட்காமல் விடுவதுதான் தவறு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆர் நம்பகமானதா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. குறிப்பிட்ட ஒரு கட்டளை, குறிப்பிட்ட ஒரு பதிப்பில், உங்களிடம் வரும் வகையான தரவுக்குச் சரியான எண்ணைத் தருகிறதா என்று கேட்டால் விடை உண்டு. அந்த விடையை நாமே தேடிச் சரிபார்க்கத் திறமூலத்தில் வழி கூடுதலாக இருக்கிறது. அந்த வழியில் யாராவது உண்மையிலேயே நடந்து பார்த்திருக்கிறார்களா என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டும்.

பொறுப்பு என்ற பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆர் திறந்ததும் திரையில் வரும் முதல் சில வரிகளிலேயே, இதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து மிரள்பவர்கள், கட்டண மென்பொருளை நிறுவும்போது படிக்காமலேயே ஒப்புக்கொண்ட உரிம ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். தவறான விடையால் உங்களுக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வோம் என்று அதில் எழுதியிருப்பது அரிது. அதிகபட்சப் பொறுப்பு நீங்கள் செலுத்திய கட்டணம் வரைதான் என்று வரம்பு கட்டியிருப்பதே வழக்கம். பணம் கட்டினால், சிக்கல் வரும்போது கேட்பதற்கு ஓர் ஆள் கிடைக்கிறார். அது பயனுள்ள சேவைதான், ஆனால் கணக்கு சரி என்பதற்கு அது சான்றாகாது.

'யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆர் மொழியை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் 1976 முதல் வளர்த்த எஸ் மொழியின் வழியில் வந்தது அது. 1997-க்குப் பிறகு, அதன் மையப்பகுதியில் கைவைக்கும் உரிமை ஒரு சிறிய மையக் குழுவுக்கு மட்டுமே இருக்கிறது. சேம்பர்ஸும் அந்தக் குழுவில் இடம்பெற்றவர். ஆகவே சராசரி, திட்ட விலக்கம், தொடர்புப்போக்கு போன்ற அன்றாடக் கணக்குகளைச் செய்யும் மையப்பகுதியையும், அத்துடன் சேர்த்தே வழங்கப்படும் 'பரிந்துரைக்கப்பட்ட' பேக்கேஜ்களையும் (கூடுதல் கட்டளைகள் அடங்கிய நிரல் தொகுப்புகளையும்) வழிப்போக்கர் யாரும் மாற்றிவிட முடியாது. பலரும் எழுதி அனுப்புபவற்றைச் சேர்த்துவைக்கும் க்ரான் என்ற இணையக் களஞ்சியத்தில் குவிந்திருக்கும் 20,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் வேறு கதை. மேலாளரின் ஐயம் அங்கேதான் பொருந்தும்.

க்ரானிலும் காவல் இல்லாமல் இல்லை. பல இயங்குதளங்களில் பேக்கேஜை நிறுவ முடிகிறதா, ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள் தடங்கலின்றி ஓடுகின்றனவா, ஆசிரியர் தாமே எழுதிவைத்த சோதனைகள் தேறுகின்றனவா என்று தானியங்கி முறையில் பார்க்கிறார்கள். சேர்த்த பிறகும் அந்தச் சோதனைகள் தொடர்ந்து நடக்கின்றன. தேறாத பேக்கேஜ், ஆசிரியர் திருத்தாவிட்டால், களஞ்சியத்திலிருந்து விலக்கப்படுகிறது. பல வணிக மென்பொருள்களின் உள்ளே இந்த அளவு ஒழுங்கு இருக்கிறதா என்று வெளியிலிருந்து நமக்குத் தெரிய வழியில்லை. ஆனால் இந்தச் சோதனைகள் எதுவும் உள்ளே இருக்கும் சூத்திரம் சரியா என்று பார்ப்பதில்லை. ஒருபக்கச் சோதனையின் பி-மதிப்பை (விளைவே இல்லாவிட்டாலும் இத்தகைய அல்லது இதைவிடத் தீவிரமான தரவு தற்செயலாக வரும் வாய்ப்பை) எதிர்த்திசையில் கணக்கிடும் பேக்கேஜும், பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் ஓடினால், உள்ளே வந்துவிடும். 'க்ரானில் இருக்கிறது, ஆகவே சரியாகத்தான் இருக்கும்' என்ற வாதத்தை மேலாளரிடம் தயவுசெய்து வைக்காதீர்கள்.

மூலநிரல் திறந்திருந்தால் ஆயிரம் கண்கள் பார்க்கும், பிழை தங்காது என்று திறமூல அன்பர்கள் சொல்வதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். மூளையின் செயல்பாட்டுப் படங்களை ஆராயப் பயன்படும் ஆஃப்னி என்ற திறமூல மென்பொருளில் இருந்த ஒரு வழு, சுமார் 15 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2015-இல்தான் திருத்தப்பட்டது. நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. படிக்கத்தான் யாரும் போகவில்லை. கடைசியில் வழு வெளிப்பட்டதும் நிரலை வரிவரியாகப் படித்ததால் அன்று. எந்த விளைவும் இருக்கக் கூடாத தரவைக் கொடுத்து, எத்தனை முறை மென்பொருள் பொய்யாக 'விளைவு இருக்கிறது' என்று சொல்கிறது என எண்ணிப் பார்த்த ஆய்வொன்றின் போதுதான் அது அகப்பட்டது. அந்த ஆய்வு 2016-இல் வெளியானபோது, அதே துறையின் வேறு பிரபல மென்பொருள்களில் வழு எதுவும் இல்லாமலேயே, அவை நம்பியிருந்த அனுமானங்கள் பொருந்தாததால் பொய்க் கண்டுபிடிப்புகள் எதிர்பார்த்த அளவைத் தாண்டியதும் சேர்ந்தே தெரியவந்தது.

கட்டண மென்பொருளின் பக்கமும் இதற்கு ஈடான கதை உண்டு, அது இன்னும் நுட்பமானது. அமெரிக்காவின் 90 நகரங்களில் காற்று மாசுக்கும் அன்றாட இறப்புக்கும் உள்ள தொடர்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எஸ் மொழியின் வணிக வடிவமான எஸ்-பிளஸ் கொண்டு கணக்கிட்டிருந்தார்கள். நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 0.41 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் பெற்ற விடை. அவர்கள் பயன்படுத்திய கட்டளை, விடையை ஒரே அடியில் கணக்கிடாமல், படிப்படியாகத் திருத்தி நெருங்கிச் செல்லும் வகையைச் சேர்ந்தது. இரண்டு படிகளுக்கு இடையே மாற்றம் எவ்வளவு சிறிதானால் நிறுத்தலாம் என்பதற்கு அதில் முன்கூட்டியே ஒரு மதிப்பு வைக்கப்பட்டிருந்தது. பெரிய விளைவுகளைத் தேடும் கணக்குகளுக்கு அந்த மதிப்பு போதும்; சதவீதத்தில் பாதிகூட இல்லாத விளைவைத் தேடும் இந்தக் கணக்குக்குப் போதவில்லை. கணினி பாதி வழியிலேயே நின்றுவிட்டு, வந்து சேர்ந்ததாகச் சொல்லியிருந்தது. அந்த ஆய்வாளர்களே 2002-இல் இதைக் கண்டறிந்து, நிறுத்தும் அளவை இறுக்கி மீண்டும் கணக்கிட்டபோது 0.41 என்பது 0.27 ஆகக் குறைந்தது. மாசு இறப்பைக் கூட்டுகிறது என்ற முடிவு மாறவில்லை, ஆனால் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. இதில் நிரலாளர் செய்த தவறு என்று ஒன்றுமே இல்லை. ஒரு கட்டளையை நம்புவது என்றால், அதற்குள் யாரோ நமக்காக எடுத்துவைத்த முடிவுகளையும் சேர்த்தே நம்புகிறோம்.

நான் பார்த்தவரை, 'இரண்டு மென்பொருள்கள் இரண்டு விடை தருகின்றன, ஒன்றில் வழு இருக்கிறது' என்று வரும் புகார்களில் பெரும்பகுதி நாம் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் இந்த இயல்பிருப்பு மதிப்புகளில்தான் போய் முடிகிறது. 1 முதல் 10 வரையுள்ள பத்து எண்களை எடுத்துக்கொண்டு முதல் கால்மானம், அதாவது கீழிருந்து கால் பங்கைப் பிரிக்கும் எண், எதுவென்று கேளுங்கள். ஆர் 3.25 என்கிறது; கட்டண மென்பொருள்களான சாஸ் 3 என்கிறது, எஸ்பிஎஸ்எஸ் 2.75 என்கிறது. மூன்றும் சரி. கால்மானத்துக்குப் புழக்கத்தில் இருக்கும் வரையறைகள் பல. அவற்றில் ஒன்பதை ஆர் தன் ஒரே கட்டளைக்குள் எண்ணிட்டு வைத்திருக்கிறது, ஒன்றும் சொல்லாவிட்டால் ஏழாவதைப் பயன்படுத்துகிறது. ஆறாவதைக் கேட்டால் எஸ்பிஎஸ்எஸ் விடையும் இரண்டாவதைக் கேட்டால் சாஸ் விடையும் அப்படியே கிடைக்கும். பைதான் என்ற நிரல்மொழிக்குள்ளேயே இத்தகைய முரண் உண்டு: 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களுக்குத் திட்ட விலக்கம் கேட்டால் அதன் நம்பை நூலகம் 2 என்றும் பாண்டாஸ் நூலகம் 2.138 என்றும் சொல்லும். முன்னது எட்டால் வகுக்கிறது, பின்னது ஏழால். பைதானின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் உள்ள, ஆம்/இல்லை விடைகளைக் கணிக்கும் லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கு, நீங்கள் கேட்காமலேயே கெழுக்களை (ஒவ்வொரு மாறியின் விளைவைக் காட்டும் எண்களை) பூஜ்யத்தை நோக்கிச் சுருக்குகிறது. கணிப்புக்கு அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம், கெழுவைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவருக்குப் பொறி. உயிர்வாழும் காலத்தை ஆராயும் காக்ஸ் மாடலில் ஒரே நேரத்தில் நிகழும் இறப்புகளை ஆர் எஃப்ரான் முறையிலும் சாஸ் பிரெஸ்லோ முறையிலும் கையாள்வதும் இதே ரகம்.

இனி, எண்கணிதம். கணினி ஓர் எண்ணைச் சுமார் 16 இலக்கத் துல்லியத்தில் வைத்துக்கொள்கிறது. சூத்திரம் சரியாக இருந்தும் கணக்கிடும் வரிசை தவறாக இருந்தால் அந்தத் துல்லியம் கரைந்துவிடும். இதைச் சோதிக்கவே அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், சில தரவுத் தொகுதிகளையும் அவற்றின் சான்றளிக்கப்பட்ட விடைகளையும் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்றில் 1001 எண்கள் உள்ளன: முதலாவது 1,00,00,000.2, மற்றவை 1,00,00,000.1, 1,00,00,000.3 என்று மாறி மாறி வருபவை. திட்ட விலக்கம் துல்லியமாக 0.1. பள்ளியில் எல்லோரும் படித்த, வர்க்கங்களின் கூட்டலிலிருந்து, எண்ணிக்கையால் பெருக்கிய சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் குறுக்குவழியில் போனால், அந்த வர்க்கங்களின் கூட்டல் 18 இலக்க எண்ணாகிவிடுகிறது. அந்த அளவில் கணினியால் குறிக்க முடிந்த இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி 16. நமக்குத் தேவையான விலக்க வர்க்கங்களின் கூட்டலோ வெறும் 10. தேடும் பொருளைவிட அளவுகோலின் கோடுகள் அகலமாக இருக்கின்றன. வரும் விடை குப்பைதான். முதலில் சராசரியைக் கண்டு, பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழித்து வர்க்கப்படுத்தினால் இந்தச் சிக்கல் எழாது. ஆர் அப்படித்தான் செய்கிறது. எக்செல் 2003-க்கு முந்தைய பதிப்புகள் குறுக்குவழியைத்தான் பயன்படுத்தின. வெளியிலிருந்தவர்கள் இத்தகைய தரவைக் கொடுத்து அதை அம்பலப்படுத்திய பிறகு, 2003 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் முறையை மாற்றியது.

ஆர் இந்தத் தேர்வுகளில் எல்லாம் முழு மதிப்பெண் வாங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். நிஸ்டின் தொகுதிகளில் மிகக் கொடுமையானது ஃபிலிப். 82 புள்ளிகளுக்குப் பத்தாம் படிப் பல்லுறுப்புக்கோவை பொருத்தச் சொல்கிறது. அதை ஆரின் தொடர்புப்போக்குக் கட்டளையிடம் அப்படியே கொடுத்தால், பத்தாம் படியின் கெழுவுக்கு எண் தராமல், அந்த மாறி மற்றவற்றைச் சார்ந்தே இருப்பதால் கணக்கிட இயலவில்லை என்று விட்டுவிடும். மாறிகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்று எப்போது கருதுவது என்பதற்கான சகிப்பு அளவை, இயல்பிருப்பான ஒரு கோடியில் ஒன்றைவிட மிகக் கீழே இறக்கினால் சான்றளித்த விடைக்கு அருகில் வந்துவிடுகிறது. இதை ஆரின் தோல்வி என்று சிலர் பட்டியலிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முடியாதபோது முடியவில்லை என்று சொல்லும் மென்பொருளை, பத்து இலக்கம் வரை அழகாக அச்சிட்டுத் தவறான எண்ணைத் தருவதைவிட நான் அதிகம் நம்புவேன். குழுக்குழுவாக அமைந்த தரவை ஆராயும் கலப்பு விளைவு மாடல்களுக்கான எல்எம்இ4 பேக்கேஜ் பி-மதிப்புகளைத் தானாக அச்சிடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். அந்த மாடல்களில் எந்தப் பரவலை ஒப்பிட்டு அதைக் கணக்கிடுவது என்பது பொதுவாகத் தீர்ந்த விஷயமல்ல என்று அதன் ஆசிரியர் விளக்கமே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் முகம் தெரியாத ஒருவர் எழுதிய பேக்கேஜை எப்படி எடைபோடுவது? பதிவிறக்க எண்ணிக்கையும் நட்சத்திரங்களும் பிரபலத்தைக் காட்டும். அதிகம் பேர் பயன்படுத்தினால் அப்பட்டமான தவறு சீக்கிரம் வெளிவரும் என்ற அளவுக்கு மட்டும் அவை உதவும். நான் முதலில் பார்ப்பது, அந்த முறையைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரை இருக்கிறதா, அந்தக் கட்டுரையில் உள்ள எடுத்துக்காட்டைப் பேக்கேஜ் அப்படியே திரும்பத் தருகிறதா என்பதை. பிறகு மாற்றப் பதிவேட்டைப் படிப்பேன். 'இந்தச் சூழலில் திட்டப்பிழை தவறாக வந்தது, சரிசெய்யப்பட்டது' என்று வெளிப்படையாக எழுதும் ஆசிரியர் மேல் மதிப்புக் கூடுகிறது. ஐந்து ஆண்டுகளில் ஒரு வழுவும் பதிவாகாத பேக்கேஜ் குறையற்றது என்பதைவிட, யாரும் தீவிரமாகப் பயன்படுத்தவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது சோதனைகள் இருக்கும் அடைவு. பெரும்பாலோர் சோதனைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவை எதனுடன் எதை ஒப்பிடுகின்றன என்று திறந்து பார்க்க வேண்டும். சில பேக்கேஜ்களில் நூற்றுக்கணக்கான சோதனைகள் இருக்கும், ஆனால் அனைத்தும் இன்றைய விடை நேற்றைய விடையுடன் ஒத்துப்போகிறதா என்றே கேட்கும். முதல் நாளே தவறாக எழுதியிருந்தால், அந்தச் சோதனைகள் அந்தத் தவறைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டு வரும். கையால் போட்ட கணக்கு, அச்சில் வந்த விடை, வேறொருவர் தனியாக எழுதிய நிரல் ஆகியவற்றில் ஒன்றோடு ஒப்பிடும் பத்துச் சோதனைகள் அந்த நூறைவிட மேல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு மென்பொருள்களின் விடை ஒத்துப்போவது இரண்டும் சரி என்பதற்கு எப்போதும் சான்றாகாது. ஆர், பைதான் இரண்டும் அணிக் கணக்குகளுக்கு லாபாக் போன்ற பழைய ஃபோர்ட்ரான் நூலகங்களையே நாடுகின்றன. பைதான் பேக்கேஜ்களில் சில, ஆர் நிரலை வரிக்கு வரி பெயர்த்தெழுதியவை. மூலம் ஒன்றானால் தவறும் ஒன்றாகவே வரும்.

அதனால்தான், விடை முக்கியமானதாக இருக்கும்போது, பாவனைத் தரவு கொண்டு நீங்களே சோதிக்கும்படி சொல்கிறேன். உண்மையான கெழு 2 என்று நீங்களே வைத்துக்கொண்டு, உங்கள் தரவின் அளவிலும் சாயலிலும் 1000 தொகுதிகளை உருவாக்குங்கள். ஒவ்வொன்றையும் பேக்கேஜிடம் கொடுத்து 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் பெறுங்கள். அவற்றுள் எத்தனை இடைவெளிகள் 2-ஐ உள்ளடக்குகின்றன என்று எண்ணுங்கள். 936-லிருந்து 964 வரை வந்தால் தற்செயல் ஏற்ற இறக்கத்துக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம். 880 வந்தால், நிரல் தவறா, சிறிய மாதிரிக்கு அந்த முறையே பொருந்தவில்லையா என்று தேட வேண்டும். இரண்டில் எதுவானாலும் உங்கள் தரவுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது தெரிந்துவிடும். இதை ஓர் எளிய மாடலுக்கு ஒரு பிற்பகலில் செய்து முடிக்கலாம். கட்டண மென்பொருளுக்கும் இதைச் செய்யலாம். உரிமக் கட்டணம் செலுத்தியவர்கள் ஏனோ செய்வதில்லை.

பதிப்பு விஷயத்தில் மட்டும் திறமூலத்தில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே மாற்றம் வேகமாக வருகிறது. சமவாய்ப்பு முறையில் மாதிரி எடுக்கும் ஆரின் கட்டளையில், மிகப் பெரிய தொகுதிகளிலிருந்து எடுக்கும்போது ஒரு சாய்வு இருப்பது தெரியவந்து, 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் முறை மாற்றப்பட்டது. சரியான திருத்தம்தான், ஆனால் அன்று முதல், அதே விதை எண்ணை (சமவாய்ப்புத் தேர்வைத் தொடங்கிவைக்கும் எண்ணை) கொடுத்தாலும் பழைய மாதிரி வராது. பழையபடி வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். 2020-இல் வந்த 4.0.0 பதிப்பு, எழுத்துத் தரவை இயல்பாகவே வகைப்படுத்தப்பட்ட மாறியாக மாற்றும் பழக்கத்தை விட்டது. அதை நம்பி எழுதிய பல பழைய நிரல்கள் உடைந்தன. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆர் பதிப்பையும் பேக்கேஜ் பதிப்புகளையும் ரென்வ் போன்ற கருவியால் உறையவைத்து, அறிக்கையில் அவற்றைக் குறிப்பிடுங்கள். பாதுகாப்பு இன்னொரு தனிப் பொருள். நம்பிக்கையைப் பொறுமையாகச் சம்பாதித்த ஒரு பராமரிப்பாளரே எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் பின்கதவு வைத்தது 2024-இல் வெளிப்பட்டதிலிருந்து, கண்ட இடத்திலிருந்து பேக்கேஜ்களை இறக்கி நிறுவுவதை எந்த அலுவலகமும் அனுமதிக்கக் கூடாது.

மேலாளருக்கு அதிகாரபூர்வமான ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால், மருந்துத் துறையைக் காட்டுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, புள்ளியியல் பகுப்பாய்வுக்குக் குறிப்பிட்ட மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தான் கோருவதில்லை என 2015-இல் எழுத்துமூலம் தெளிவுபடுத்தியது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை முழுமையாக ஆவணப்படுத்தச் சொல்கிறது. முழுவதும் ஆரில் தயாரித்த ஒரு முன்னோடிச் சமர்ப்பிப்பை ஆர் பயன்படுத்தும் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஆர் கன்சார்ட்டியம் 2021-இல் எஃப்டிஏவுக்கு அனுப்பி, அதன் கோப்புகளைப் பொதுவெளியிலும் வைத்திருக்கிறது. ஆர் அறக்கட்டளை வெளியிட்டுள்ள ஒழுங்குமுறை ஆவணமும் இருக்கிறது. ஆனால் அது மையப்பகுதிக்கும் பரிந்துரைக்கப்பட்ட பேக்கேஜ்களுக்கும் மட்டுமே பேசுகிறது. நீங்கள் க்ரானிலிருந்து சேர்த்துக்கொள்ளும் மற்றவற்றுக்கான சான்றை நீங்களேதான் தயாரிக்க வேண்டும்.

நடைமுறையில், ஒரே நாளில் மாறாதீர்கள். முடிந்துபோன பழைய பகுப்பாய்வுகள் சிலவற்றை எடுத்து இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். எண்கள் வேறுபட்டால், வழு என்று முடிவுகட்டும் முன் விடுபட்ட மதிப்புகளை இரண்டும் எப்படிக் கையாண்டன என்று முதலில் பாருங்கள். அடுத்து, வகைப்படுத்தப்பட்ட மாறியில் எந்த வகை ஒப்பீட்டு அடிப்படை என்பதைப் பாருங்கள். ஆர் முதல் வகையை எடுத்துக்கொள்கிறது, சாஸின் பொது நேரியல் மாடல் கடைசி வகையை. பிறகு, ஒவ்வொரு மாறியின் பங்கையும் அளக்கும் வர்க்கக் கூட்டல்களின் வகை: ஆர் முதல் வகையை, அதாவது மாறிகளை எழுதிய வரிசைப்படி கணக்கிடுவதைத் தருகிறது, எஸ்பிஎஸ்எஸ் இயல்பாக மூன்றாம் வகையை, அதாவது ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றுக்கும் பிறகு கணக்கிடுவதைத் தருகிறது. இவற்றைச் சமப்படுத்திய பிறகும் வேறுபாடு நின்றால், அதைக் காட்டும் மிகச் சிறிய தரவைப் பிரித்தெடுத்து, பதிப்பு எண்களுடன் பேக்கேஜின் பராமரிப்பாளருக்கு எழுதுங்கள். அவருடைய பதில் எப்படி வருகிறது, எவ்வளவு நாளில் வருகிறது என்பதையும் உங்கள் மதிப்பீட்டுக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.